போர் நாவலில் படித்த மலைகளை நேரில் பார்க்க: கண்டிச் சீமைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

படை ஏறிய கணவாய், வீரர்கள் செத்த ஆற்றங்கரை, அரசன் ஒளிந்திருந்த ஊர். புத்தகத்தில் படித்த இடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று கையில் நாவலோடு இலங்கையின் மலையகத்துக்கு வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்களோடு கூடப் போனதில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. முகம் வாடித் திரும்புகிறவர்களும் சரியான இடத்துக்குத்தான் போயிருப்பார்கள். தப்பான பக்கத்திலிருந்து, தப்பான மாதத்தில், வேனில் போய் இறங்கியிருப்பார்கள். அப்படிப் போனால் எந்தப் போர்க்களமும் வெறும் புதர்க்காடுதான்.

நாவல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் தூரத்தையும் ஏற்றத்தையும் நம் கால்தான் நமக்குச் சொல்ல வேண்டும். கீழே உள்ள ஒழுங்கு அதற்காக அமைத்தது.

1. புத்தகத்தைப் பென்சிலோடு இன்னொரு முறை படியுங்கள்

முதல் வாசிப்பு கதைக்கு. இரண்டாவது வாசிப்பில் கதையை விட்டுவிட்டு நான்கு விஷயங்களை மட்டும் கோடிடுங்கள்: ஊர்ப்பெயர், திசை, நடந்த நேரம், தண்ணீர். "அரை நாள் நடந்தார்கள்", "இடப்பக்கம் ஆறு தெரிந்தது" போன்ற வரிகள்தான் பின்னால் கைகொடுக்கும். ஊர்ப்பெயர் மாறியிருக்கலாம், ஆறு எந்தப் பக்கம் என்பது லேசில் மாறாது.

கோடிட்ட வரிகளைப் பக்க எண்ணோடு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மழையில் புத்தகத்தைப் பிரித்துப் பக்கம் தேட முடியாது. போனில் படமெடுத்து வைத்தாலும் சரி, ஆனால் மலையில் பற்றரி சீக்கிரம் இறங்கும்.

2. உண்மை இடம் எது, புனைந்த இடம் எது என்று பிரியுங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். நாவலில் வரும் எல்லா இடமும் வரைபடத்தில் இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். முதலில் ஆசிரியர் குறிப்பைப் படியுங்கள். மைக்கேல் ஒண்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்' (2000) நாவலின் முன்குறிப்பு, அதன் மாந்தரும் சம்பவங்களும் புனைவு என்று நேராகவே சொல்கிறது. அந்தக் கதையில் எலும்புக்கூடு கிடைப்பது பண்டாரவளைப் பக்கம் உள்ள ஒரு தொல்லியல் காப்பிடத்தில். பண்டாரவளை உண்மை. அதைச் சுற்றிய மலைகளில் கற்கால மனிதரின் சிறு கல்லாயுதங்கள் கிடைத்ததும் உண்மை. அதற்காக ஸ்டேஷன் வாசலில் திரீவீலர் அண்ணனிடம் "அந்தக் குகைக்குப் போங்கள்" என்று கேட்டால், பாவம், அவர் உங்களை ஏதோ ஒரு குகைக்குக் கொண்டுபோய் விடுவார். நீங்களும் அதுதான் என்று நம்பிவிடுவீர்கள்.

ஆகவே நோட்டில் மூன்று குறி போடுங்கள். உறுதியாக இருக்கும் இடம், பெயர் மாற்றிய இடம், புனைந்த இடம். மூன்றாவது வகைக்கு முகவரி தேடாதீர்கள். அந்த ஊரின் வெளிச்சத்தையும் குளிரையும் அனுபவித்துவிட்டு வாருங்கள், அதுவே போதும்.

தேயிலைத் தோட்டப் பெயர்களில் இன்னொரு சிக்கல். ஆவணத்தில் ஆங்கிலப் பெயர், சிங்களத்தில் ஒரு பெயர், நம் ஆட்கள் சொல்வது வேறொரு பெயர். பஸ் கண்டக்டருக்குக் கடைசிப் பெயர்தான் தெரியும். போவதற்கு முன் அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் கேட்டு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

3. கதை நடக்கும் ஆண்டில் அங்கே என்ன இருந்தது என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டினால் பயணமே வீண். கண் முன்னால் தெரியும் மலையகம் பெரும்பாலும் போர்களுக்குப் பிறகு உண்டானது.

கண்டி ஏரியைக் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் கட்டி முடித்தது 1812இல். 1803ஆம் ஆண்டுக் கதையோடு வந்து ஏரிக்கரையில் நின்றால் நீங்கள் பார்ப்பது வேறு கண்டி. அன்று அங்கே வயல். தேயிலையும் அப்படியே. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டது 1867இல். அதற்கு முன்னால் காப்பி. நம் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தது அந்தக் காப்பிக்குத்தான், அதுவும் 1815இல் கண்டி ராச்சியம் ஆங்கிலேயரிடம் விழுந்த பிறகு. அப்படியானால் 1815க்கு முந்தைய கதைகளில் சரிவெல்லாம் காடு. இன்று நீங்கள் மொட்டை மலையில் நின்று தூரத்து வளைவுவரை பார்க்கிறீர்கள். அன்றைய சிப்பாய்க்கு முன்னால் நடந்தவனின் முதுகுதான் தெரிந்திருக்கும்.

சாலையும் மாறிவிட்டது. கடுகண்ணாவைக் கணவாய் வழியாகப் போகும் பெரிய ரோட்டை ஆங்கிலேயர் போட்டது 1820களில். மேலே நிற்கும் டோசன் கோபுரம் அதைப் போட்ட பொறியியலாளரின் நினைவாகக் கட்டியது. போர்த்துக்கேயர் ஏறியது இந்த ரோட்டில் இல்லை.

தெல்தெனியவை நினைத்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. 1985இல் அணை திறந்தார்கள். கடும் வறட்சியில் மட்டும் பழைய கட்டடங்களின் மிச்சம் தலைகாட்டும். பஸ் நிற்கும் தெல்தெனிய புது ஊர்.

4. மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

கண்டிப் போர்களின் திகதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். போர்த்துக்கேயத் தளபதி அசவேது, கண்டிக்கு ஏறும் வழியைக் காத்த பலன கோட்டையைப் பிடித்தது 1603 பெப்ரவரி. கன்னொருவைப் போர் 1638 மார்ச் 28. ஆங்கிலேயப் படை முதல்முறை கண்டிக்குள் வந்தது 1803 பெப்ரவரி, இரண்டாம்முறை 1815 பெப்ரவரி 14. இவை நான்கும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில். காரணம் எளிது: அந்த மாதங்களில்தான் கண்டிப் பக்கம் பாதை காய்ந்திருக்கும், ஆற்றைக் கடக்கலாம். படைக்குச் சரியான மாதம் உங்களுக்கும் சரியான மாதம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் காலை வெயில், பின்னேரம் இடி மழை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மண்சரிவுக்குப் பிறகு ரோடும் ரயில் பாதையும் எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிளம்புவதற்கு முதல் நாள் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

எசல பெரஹரா ஊர்வலம் நடக்கும் ஜூலை, ஓகஸ்ட் நாட்களையும் சித்திரைப் புத்தாண்டு வாரத்தையும் தவிருங்கள். முதலாவதில் கண்டியில் அறை கிடைக்காது. இரண்டாவதில் பஸ் கிடைக்காது.

5. வரைபடம், அனுமதி, மொழி

நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாள் ஒன்று வாங்குங்கள். போன் வரைபடத்தில் பாதை தெரியும், ஏற்றம் அவ்வளவாகத் தெரியாது. தாளில் உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் அங்கே படை ஏன் திணறியது என்று பார்த்தவுடன் புரியும்.

தோட்டத்துக்குள் நுழைய ஆபிசில் ஒரு வார்த்தை கேளுங்கள். இராணுவப் பகுதி என்றால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாசலில் நின்று கெஞ்சினால் ஆகாது, அங்கே நிற்பவருக்கு உங்களை உள்ளே விட அதிகாரமும் இல்லை.

கண்டியைச் சுற்றிய கிராமங்களில் சிங்களம் தேவை. தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பலனவில் "கோட்டை எங்கே?" என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ கேட்டு நிற்பதைவிட "பலன கொட்டுவ" என்று சொன்னால் சின்னப் பிள்ளையும் கை காட்டும்.

6. பையில் வைக்க வேண்டியவை

தண்ணீர், மழைக்கோட்டு, பிடிப்புள்ள சப்பாத்து, நீளக் காற்சட்டை, டோர்ச். அட்டைக்குச் சவர்க்காரத்தைக் கணுக்காலில் நன்றாகத் தேய்த்துக் காலுறை போடுங்கள். கடித்துவிட்டால் பிடுங்காமல் கொஞ்சம் உப்போ சித்தாலேப தைலமோ வையுங்கள், தானாக விழும். விகாரைகளுக்கும் போவதால் தோளும் முழங்காலும் மூடும் உடுப்பு ஒன்று வேண்டும்.

7. பலனவுக்குக் கீழிருந்து ஏறுங்கள்

கண்டிப் போர் நாவல்களுக்கு எல்லாம் வாசல் பலன. பெரும்பாலானவர்கள் கண்டியில் தங்கி, வேன் பிடித்து, கடுகண்ணாவை வழியாக மேலிருந்து வந்து இறங்கிப் பார்க்கிறார்கள். அப்படி வந்தால் நீங்கள் காவல் நின்ற கண்டிக்காரரின் பக்கத்திலிருந்து வருகிறீர்கள். ஏறி வந்தவனின் கதையை அது சொல்லாது.

கொழும்புப் பக்கமிருந்து மெதுவாகப் போகும் ரயிலில் வாருங்கள். கடுகதி ரயில்கள் பலனவில் நிற்பதில்லை, டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ரம்புக்கனையில் ஏற்றம் தொடங்கும். அங்கிருந்து கடுகண்ணாவை வரை பாதை 45 அடிக்கு 1 அடி உயர்கிறது. வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். கங்கொட, இகலகோட்டை தாண்டும்போது கீழே வயல்கள் சுருங்கிக்கொண்டே போகும், எஞ்சின் மூச்சு வாங்கும், சுரங்கம் வந்து வந்து போகும். பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போதே இப்படி. பீரங்கியும் அரிசி மூட்டையும் ஆளின் தோளில் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்.

ஸ்டேஷனில் இறங்கியதும் ஊர்ப்பாதையைக் கேட்டு ஏறுங்கள். தண்டவாளத்தில் நடக்காதீர்கள். படம் எடுக்க எல்லோரும் செய்வதுதான், ஆனால் வளைவும் சுரங்கமும் உள்ள இடத்தில் இறங்கி வரும் ரயிலின் சத்தம் கடைசி நேரத்தில்தான் கேட்கும்.

மேலே மதிலும் கொத்தளமும் எதிர்பார்க்காதீர்கள். மிஞ்சியது கொஞ்சம் கல்தான். அங்கே பார்க்க வேண்டியது நீங்கள் வந்த பக்கம். திரும்பி நின்றால் ஏறி வந்த பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே கிடக்கும், எதிரே அலகல்லை மலை. கீழே புகை எழுந்தாலும் இங்கிருப்பவனுக்குத் தெரியும். 1603இல் அசவேது இந்தக் கோட்டையைப் பிடித்த பிறகும் நிலைக்க முடியவில்லை. அவருடைய லஸ்கரின் படையினர், அதாவது அவருக்காகச் சண்டையிட்ட உள்ளூர்ச் சிங்கள வீரர்கள், கூட்டமாக எதிர்ப்பக்கம் போய்விட, வந்த வழியே சண்டையிட்டுக்கொண்டு இறங்க வேண்டியதாயிற்று. நாவலில் பின்வாங்கும் அத்தியாயம் இருந்தால் அதை இங்கே, இறங்கத் தொடங்குவதற்கு முன் படியுங்கள். ஏறும்போது மூச்சுத்தான் பிரச்சினை. இறங்கும்போது முழங்கால். ஈரக் கல்லில் கால் வைத்து இறங்குகையில், சுமையோடும் காயத்தோடும் இறங்கியவர்களின் நிலை உடம்பிலேயே புரியும்.

8. கன்னொருவை, கண்டி நகரம்

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு, மகாவலி ஆற்றின் எதிர்க்கரையில் இருப்பது கன்னொருவை. இன்று விவசாயத் திணைக்களத்தின் நிலையங்கள் அங்கே இருக்கின்றன. 1638இல் போர்த்துக்கேயர் ஆளில்லாத கண்டிக்குள் புகுந்து எரித்துவிட்டுத் திரும்பும்போது கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் அவர்களை வளைத்தது இந்த மலையில். தளபதி தியோகு தெ மெலோ இங்கேயே செத்தார். முதலில் பூங்காவுக்குள் ஆற்றங்கரையில் நின்று எதிர் மலையைப் பாருங்கள், பிறகு பாலம் கடந்து போங்கள். ஆறு எவ்வளவு கிட்ட இருக்கிறது, படையால் ஏன் அதைத் தாண்டித் தப்ப முடியவில்லை என்பது இக்கரையில் நின்றால்தான் தெரியும்.

நகரத்துக்குள், புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையில் சோதனை இருக்கும், காலணி கழற்ற வேண்டும், பை சிறிதாக இருக்கட்டும். அதற்குக் கிட்டவே, நூதனசாலைக்குப் பின்னால் ஆங்கிலேயரின் பழைய படை மயானம். 1815 கதைகளில் வந்துகொண்டேயிருக்கும் ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொய்லி, 1824இல் இறந்து இங்கேதான் அடங்கியிருக்கிறார். கல்வெட்டுகளை நின்று படியுங்கள். சண்டையில் செத்தவர்களைவிடக் காய்ச்சலில் செத்தவர்களே அதிகமாகத் தெரிவார்கள். நாவல்கள் விட்டுவிடும் பகுதி அது.

9. வட்டப்புளுவவும் மெதமகாநுவரவும்: இந்த ஒழுங்கில்

கண்டியிலிருந்து சில மைல் தள்ளி மகாவலிக் கரையில் வட்டப்புளுவ. 1803 ஜூன் இறுதியில் ஆங்கிலேய மேஜர் டேவியின் படை கண்டியரிடம் சரணடைந்து, கண்டியை விட்டு இறங்கி, இங்கே வந்து நின்றது. ஆற்றில் வெள்ளம். படகு இல்லை. ஆங்கிலேயர் அரசராக்கிய முத்துசாமியை முதலில் கண்டியரிடம் கையளித்தார்கள், அவர் கொல்லப்பட்டார். பிறகு ஆங்கிலப் படையினரையும் கண்டியர் வெட்டினார்கள். வீடுகளுக்கு நடுவே நினைவுக்கல் இருக்கிறது.

இங்கே வருகிறவர்கள் ஆற்றைப் பார்த்துவிட்டு "இதையா கடக்க முடியவில்லை?" என்று கேட்பார்கள். கிட்டவே பொல்கொல்லை அணை 1976இல் வந்துவிட்டது, தண்ணீரை இப்போது மனிதன் நிறுத்துகிறான். 1803இன் ஆற்றை ஓரளவு காண வேண்டுமானால் அணையின் பிடிக்கு மேலே, பேராதனைப் பாலத்தில், ஜூன் மாதம் நல்ல மழைக்கு மறுநாள் நில்லுங்கள். செம்மண் நிறத்தில் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு போகும். நாலாம் படியில் சொன்ன மாதக் கணக்குக்கு விதிவிலக்கு இந்த ஓர் இடம் மட்டும்.

வட்டப்புளுவவை முடித்த பிறகே மெதமகாநுவரவுக்குப் போங்கள். பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டும் ஒரே கதையின் இரு பாதி. 1815 பெப்ரவரி 14 ஆங்கிலப் படை கண்டிக்குள் வந்தது, 18ஆம் திகதி மெதமகாநுவரைப் பக்கத்தில் அரசரைப் பிடித்தார்கள். கண்ணுசாமி என்ற பெயரில் பிறந்து நம் மொழி பேசிய அந்த மனிதர் பிறகு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தார். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் வேலூரில் அவருடைய நினைவிடமான முத்து மண்டபத்தையும் பார்த்துவிட்டு வந்தால் இந்த இடத்தின் கனம் கூடும்.

கண்டியிலிருந்து மகியங்கனை போகும் ரோட்டில், தெல்தெனிய தாண்டி, ஹுன்னஸ்கிரியாவுக்கு முன்னால் மெதமகாநுவர. காலை பஸ்ஸில் போய்விடுங்கள். பின்னேரம் மூடுபனி இறங்கினால் எதிர்மலை தெரியாது, எதிர்மலை தெரியாவிட்டால் அரசர் ஏன் இந்தப் பக்கம் ஓடினார் என்பதும் விளங்காது. திரும்பும் கடைசி பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வையுங்கள்.

10. உலகப் போர் நாவலோடு வருகிறவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றியது 1944 ஏப்ரலில். பேராதனைப் பூங்காதான் அதன் இருப்பிடம். குண்டு விழுந்த இடம் எதுவும் இங்கே இல்லை. வரைபடமும் தந்தியும் நடத்திய போர் இது. அதனால் பூங்காவை முதலில் பாருங்கள், பிறகு தேவனி ராஜசிங்க மாவத்தையில் உள்ள யுத்த மயானத்துக்குப் போங்கள். பெருமரங்களின் கீழே எடுத்த முடிவுகளின் விலை அந்த வரிசைக் கற்களில் இருக்கிறது. பிரித்தானியரோடு கிழக்கு ஆபிரிக்கரும் இந்தியரும் இலங்கையரும் கிடக்கிறார்கள். வயதைப் படித்துக்கொண்டே நடங்கள். இருபதைத் தாண்டாதவர்கள் எத்தனை பேர் என்று பார்க்கும்போது தொண்டை அடைக்கும்.

11. தியத்தலாவையைத் தனிப் பயணமாக வையுங்கள்

கண்டியோடு இதைச் சேர்த்து ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். முடியாது. ரயிலில் ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் இருக்கிறது. தென்னாபிரிக்கப் போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட சுமார் 5,000 போயர் (டச்சு வழிவந்த குடியேறிகள்) கைதிகள் 1900 முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரிய முகாம் இங்கே. இரண்டு உலகப் போர்களிலும் ஜெர்மானியரை அடைத்ததும் இங்கேதான். ஜெர்மனியில் பிறந்த பௌத்தத் துறவி ஞானதிலோகரும் அவர்களில் ஒருவர்.

இன்றும் இது இராணுவ ஊர். கமராவைப் பையிலேயே வையுங்கள், அனுமதி இல்லாத வழியில் போகாதீர்கள். புல்மேட்டின் குளிர்காற்றில் சற்று நின்றாலே முள்வேலிக்குள் இருந்தவனின் நாள் எப்படி நகர்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

12. அண்மைய போரின் நாவல் என்றால்

இதுவரை சொன்ன போர்களுக்குச் சாட்சிகள் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. தமிழருக்கு எதிராகக் கலவரம் வெடித்த 1983 ஜூலையையோ அதற்குப் பிந்தைய உள்நாட்டுப் போர் ஆண்டுகளையோ எழுதிய நாவலோடு வந்தால் நிலைமை வேறு. பதுளையிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் கடை எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர் இன்னும் அதே தெருவில் இருக்கிறார். பண்டாரவளைக்குக் கிட்ட பிந்துனுவெவவில் 2000 ஒக்டோபர் 25 அன்று, புனர்வாழ்வு முகாமில் வைத்திருந்த 25க்கும் மேற்பட்ட தமிழர்களைக் கும்பல் அடித்துக் கொன்றது. கொல்லப்பட்டவர்களின் அம்மாக்களில் பலர் இன்னும் இருக்கக்கூடும்.

ஆகவே இங்கே இடத்தைவிட மனிதர் முதலில். புத்தகத்தை நீட்டி "இது இங்கேதானே நடந்தது?" என்று கேட்காதீர்கள். டீக்கடையில் உட்காருங்கள், எந்த ஊர் என்று அவர்கள் கேட்கட்டும். பெரியவர்களை ஐயா, அம்மா என்று கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குள் கமராவோடு போகாதீர்கள், வாசல் என்பது அங்கே வீட்டின் பாதி.

யாராவது மனம் திறந்து சொன்னால் அவருடைய பெயரையும் முகத்தையும் ஊரையும் இணையத்தில் போடாதீர்கள். அவர் சம்மதித்தாலும் ஒரு வாரம் கழித்து, வீட்டாருக்கும் தெரிய, மறுபடி கேளுங்கள். நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகும் அந்த ஊரில் இருக்கப்போவது அவர்தான்.